ஞாயிறு லீவு வாங்கித் தந்த லோகண்டே

பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான். பண்டிகைக்குச் சில நாள் லீவு உண்டு. வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற பேச்சே கிடையாது. அதை வாங்கித் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே.

இவர் 1848-ல் தாணாவில் பிறந்தார். ஏழைக் குடும்பம். 1853-ல் நாட்டின் முதல் பயணிகள் ரெயில் பம்பாயில் இருந்து தாணாவுக்கு வந்தபோது இவர் சிறுவன். பின்னாளில் அதே ரெயில்வேயில் குமாஸ்தா வேலை. பிறகு தபால் இலாகா. அதன்பின் மாண்ட்வியில் ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பர்.

ஆலைகள் பெருகின

பம்பாயில் முதல் பஞ்சாலைக் கம்பெனியை 1854-ல் தொடங்கியவர் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வியாபாரி. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது தடைப்பட்டது. பம்பாய்ப் பஞ்சுக்கு ஏக கிராக்கி! வியாபாரிகள் கையில் பணம் புரண்டது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் திவாலானார்கள். ஆனாலும் ஆலைகள் வளர்ந்தன. பரேல் பக்கம் புகைபோக்கிகள் எழுந்தன. ரத்னகிரி, சத்தாரா கிராமங்களில் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

அப்போது ஆலைகளில் மின்விளக்கு இல்லை. பொழுது விடிந்தால் வேலை தொடங்கும், இருட்டினால்தான் முடியும். கோடைக் காலத்தில் 13 மணி நேரத்துக்கும் மேலாகும். சம்பளமோ மாதக்கணக்கில் பாக்கி நிற்கும்.

லோகண்டே உட்கார்ந்து கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருந்தவர். கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். அவர் ஜோதிராவ் பூலேயின் சீடர். அப்படி இருக்க முடியவில்லை. 1880-ல் 'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

5,500 கையெழுத்து

1884-ல் பரேலில் தொழிலாளர் கூட்டம் கூட்டினார். வாரம் ஒரு நாள் ஓய்வு, நண்பகலில் அரை மணி இடைவேளை, அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் சம்பளம், வேலையில் காயம்பட்டால் உதவி என்று கேட்டு மனு தயாரானது. சுமார் 5,500 பேர் கையெழுத்திட்டனர். அரசு நியமித்த ஆலை கமிஷனிடம் மனு போனது. பலன் இல்லை.

6 ஆண்டுகள் கழித்து, 1890 ஏப்ரல் 24-ந் தேதி, மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் சுமார் 10 ஆயிரம் தொழிலாளர்கள் திரண்டனர். 2 பெண் தொழிலாளர்கள் மேடை ஏறிப் பேசினார்கள். அந்த நாளில் அது சாமானியமான காரியம் அல்ல. ஜூன் 10-ந் தேதி ஆலை அதிபர்கள் சங்கம் இறங்கி வந்து, ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தது.

1891-ம் ஆண்டு சட்டம் வார விடுமுறையையும் பகல் இடைவேளையையும் நாடு முழுவதற்கும் ஆக்கியது. ஆனால் ஆண்களின் வேலை நேரத்துக்கு அதில் வரம்பு இல்லை. ஜவுளி ஆலைகளில் 12 மணி நேர வரம்பு வருவதற்கு 1911 ஆகிவிட்டது.

அதைப் பார்க்க லோகண்டே இல்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. முதலில் தலைகாட்டியது அவர் வேலை பார்த்த அதே மாண்ட்வியில்தான். ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். லோகண்டே தங்கி நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அந்த நோயே அவரையும் பற்றியது. 1897 பிப்ரவரி 9-ந் தேதி காலமானார். வயது 50-ஐ எட்டவில்லை.

2005-ல் அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளிவந்தது.