தஞ்சாவூரை 3டி-யில் எடுத்த லின்னேயஸ் ட்ரைப்: யார் இவர்?

வீட்டுல உட்கார்ந்து 3டி பார்க்கிறவங்க நிஜமாவே இருக்காங்களா? கண்ணாடி மாட்டிப் பார்க்கும் 3டி டிவிக்களைப் பெரிய கம்பெனிகள் 2017-க்குள் கைவிட்டுவிட்டன. ஆனால் 1850-களில் இங்கிலாந்தில் பல வீடுகளில் 3டி புகைப்படம் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அந்தக் காலத்தில் நம்ம தஞ்சாவூரை 3டி-யில் எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப்.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-ல் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீளப் படமாக ஒட்டினார்.

3டி எப்படி?

ஒரே காட்சியைச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு படமாக எடுக்க வேண்டும். அவற்றை அட்டையில் அருகருகே ஒட்டி, ஸ்டீரியோஸ்கோப் என்ற லென்ஸ் கருவி வழியே பார்த்தால், மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் காட்டும்.

செலவு அதிகம் என்று 1859-ல் ஆளுநர் டிரெவெல்யன் இந்தப் பணியை நிறுத்தினார். அதன்பிறகு ட்ரைப் எடுத்த படங்கள் மிகக் குறைவு. 1902-ல் இறந்தார்.

இன்றைய விஆர் ஹெட்செட்டிலும் அதே இரட்டைப் பட உத்திதான். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பார்க்க முடியும் என்ற சிக்கலும் அப்படியே இருக்கு.