தோல்விக்கு எண் போட்ட குயவர்

சூளையைத் திறக்கிற நாள்தான் குயவருக்குச் சோதனை நாள். பாத்திரம் நன்றாக வெந்திருக்குமா? வெடித்திருக்குமா? முன்கூட்டியே சொல்ல முடியாது. இங்கிலாந்து நாட்டுக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட், கெட்டுப்போன சோதனையையும் மறந்துவிடவில்லை. அதற்கும் ஓர் எண் கொடுத்து நோட்டில் எழுதி வைத்தார்!

1730-ம் ஆண்டு பர்ஸ்லம் என்ற ஊரில், குயவர் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தை இறந்தார். பிறகு பெரியம்மை வந்து, வலது முழங்கால் பழுதானது. காலால் சக்கரத்தை மிதிக்க முடியவில்லை. 1768-ல் அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆனால், கையும் மூளையும் ஓயவில்லை. எந்த மண், எந்த மெருகு, சூளையில் எந்த இடம் என்று ஒவ்வொரு சோதனையையும் குறித்தார். பிறர் படித்துவிடாமல் இருக்க, ரகசியக் குறிகளில் எழுதினார். சோதனைகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

1765-ல் சார்லட் அரசிக்குத் தேநீர் செட் ஒன்று தேவைப்பட்டது. பச்சை நிறத்தின்மேல் பொன் வேலை வேண்டும். மற்றவர்கள் ஏற்கத் தயங்கிய அந்த ஆர்டரை வெட்ஜ்வுட் ஏற்றார். அரசிக்குப் பிடித்துப்போயிற்று. அரசியின் குயவர் என்ற பட்டமும் கிடைத்தது.

ரஷ்யப் பேரரசி காதரின் 952 பாத்திரங்கள் கேட்டார். அவற்றில் இங்கிலாந்தின் காட்சிகளை வரைய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தவளைப் படமும் இருக்க வேண்டும்! 1774-ல் அதையும் முடித்துக் கொடுத்தார்.

சூளையின் சூட்டைத் தொழிலாளர்கள் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே மதிப்பிட்டார்கள். கண் ஏமாந்தால் சரக்கு பாழ். சூடு ஏற ஏறக் களிமண் சுருங்கும் அல்லவா? அந்தச் சுருக்கத்தை அளந்து சூட்டைக் கணிக்கும் கருவியை 1782-ல் அவர் கண்டுபிடித்தார்.

1786-ல் பெரிய சோதனை வந்தது. போர்ட்லண்ட் பிரபுவிடமிருந்து, ரோமானியர் காலத்துக் கண்ணாடிச் சாடி ஒன்றை இரவல் வாங்கினார். அதைப்போலவே மண்ணில் செய்ய முனைந்தார். வேண்டும் என்று பலர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சூளையில் ஒன்று விரிசல் விட்டது. ஒன்று கொப்புளித்தது. இன்னொன்றில் ஒட்டிய வெள்ளை உருவங்கள் பெயர்ந்து எழும்பின. அவர் அவசரப்படவில்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். மூன்று ஆண்டுகள் ஓடின. 1789-ல் குறையில்லாத சாடி சூளையிலிருந்து வந்தது! அப்போது அவருக்கு வயது 59.

1795-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி வெட்ஜ்வுட் காலமானார். எண்ணிட்ட சோதனைத் துண்டுகள் இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகின்றன. தவறு யாருக்கும் வரும். அதைக் குறித்து வைத்தவரிடம் அது இரண்டாம் முறை வருவது அரிது. வாடிக்கைக்காரர் கைக்குப் போவதோ நல்ல சரக்கு மட்டுமே!