மின்சாரத்துக்கு மாற்றுப் பார்த்தவர்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921-ல் வெட்டியது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பல வாரியங்கள். அவற்றோடு பொன் வாரியமும் உண்டு. பொன்னின் மாற்றுப் பார்ப்பது அதன் வேலை. அதற்கு 6 பேர்.

பொன் மட்டமானால் பணம் போகும். மின்சாரக் கருவி மட்டமானால் உயிரே போகும்!

மின்சாரத்துக்கும் மாற்றுப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒருவர் நினைத்தார். அவர் அமெரிக்கர். பெயர் வில்லியம் ஹென்றி மெரில்.

சிகாகோ பயணம்

மெரில் 1868-ல் பிறந்தார். மின்சார என்ஜினீயர் படிப்பை 1889-ல் முடித்தார். பாஸ்டன் நகரில் தீ இன்ஷூரன்ஸ்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

1893-ல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. (விவேகானந்தர் பேசிய சர்வமத சபை கூடியதும் அப்போதுதான்.) எங்கு பார்த்தாலும் மின்சார விளக்கு. மக்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

இன்ஷூரன்ஸ்காரர்களுக்கோ வயிற்றில் புளி கரைந்தது. கட்டடங்களில் மரமும் நாரும் கலந்திருந்தன. மேலே மின்சாரக் கம்பிகள் ஓடின. ஒரு பொறி போதும்.

கம்பிகளைச் சோதிக்க மெரில் வரவழைக்கப்பட்டார். அப்போது அவர் 25 வயது வாலிபர்.

350 டாலர் கருவிகள்

அந்தக் காலத்தில் எந்தக் கம்பி நல்லது, எது கெட்டது என்று சொல்ல ஆள் இல்லை. விற்பவர் சொன்னதுதான் வேதம்.

மெரில் சிகாகோவிலேயே தங்கினார். 1894-ல் ஒரு சோதனைச் சாலை தொடங்கினார். தீயணைப்பு நிலையம் ஒன்றின் மாடிதான் இடம். கருவிகளின் விலை 350 டாலர். அந்த ஆண்டு மார்ச் 24-ந் தேதி முதல் சோதனை நடந்தது. மின்கம்பிக்கு உறையாகப் போடும் பொருள் தீப்பிடிக்குமா என்று பார்த்தார்கள்.

பணம் கொடுத்தது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். தர்மத்துக்காக அல்ல. வீடு எரிந்தால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே! ஆனாலும் பிழைத்தது ஊரார் வீடு.

1901-ல் அது 'அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்' என்ற பெயரில் பதிவாயிற்று. தீக்கதவு முதலிய பொருள்களும் சோதனைக்கு வந்தன.

ஒரு முறை தேறினால் போதுமா? நல்ல சரக்கை மாதிரிக்குக் காட்டிவிட்டு, மட்ட சரக்கைக் கடைக்கு அனுப்பினால்? அதற்கும் வழி செய்தார்கள். சோதனை அதிகாரிகள் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார்கள். தேறிய சரக்குக்குத்தான் முத்திரைச் சீட்டு. இந்த ஏற்பாடு 1906-ல் வந்தது.

மெரில் 1923-ல் காலமானார்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இந்தியத் தர நிறுவனம் 1947 ஜனவரியில் பிறந்தது. முத்திரைச் சட்டம் 1952-ல் வந்தது. 1955 முதல் பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை விழுந்தது. 1987-ல் நிறுவனத்தின் பெயர் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்று மாறியது. முத்திரை மட்டும் மாறவில்லை. இஸ்திரிப் பெட்டி, ஸ்விட்சு, ஒயர் போன்றவற்றுக்கு அது கட்டாயம்.

வாங்கும்போது முத்திரையின் மேலேயும் கீழேயும் பாருங்கள். மேலே தரத்தின் எண். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்சு எண். எண் இல்லாத முத்திரையை அச்சாபீசில் யாரும் அடித்துக்கொள்ளலாம்!