அகராதி ஆசான் ஹார்ன்பி

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது கட்டுமானத் துறை பற்றிய கட்டுரை. நான் எழுதுவதோ ஓர் அகராதிக்காரரைப் பற்றி! காரணம் இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்து, கேம்பஸ் இன்டர்வியூ என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கிற தம்பி தங்கைகள் இன்றும் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல துணையைக் காட்டிவிட்டுப் போவது பழைய மாணவனின் கடமை என்று நினைக்கிறேன்.

நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன்தான். ஆங்கிலத்தில் என்னைப் பயமுறுத்தியவை பெரிய சொற்கள் அல்ல. தெர்மோடைனமிக்ஸ் எப்படியோ புரிந்துவிடும். 'புட் அப் வித்' தான் உதைக்கும். புட் தெரியும், அப் தெரியும், வித் தெரியும். மூன்றும் சேர்ந்தால் 'பொறுத்துக்கொள்' என்று எங்கிருந்து வந்தது? மண்டையைப் பிச்சுக்க வேண்டியதுதான்! நம் கல்லூரி நூலகத்தில் இதற்கு விடை வைத்திருந்தது ஹார்ன்பியின் அகராதி.

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி 1898-இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் படித்தார். 1920-களில் ஜப்பானின் ஓய்ட்டா நகருக்கு ஆசிரியராகப் போனார். போனது இலக்கியம் நடத்த. ஆனால் அங்கே அவர் மனம் மொழி கற்பிப்பதில்தான் ஊன்றியது.

அப்போது டோக்கியோவில் ஹெரால்ட் பாமர் என்பவர் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தி வந்தார். அவரோடு ஹார்ன்பி சேர்ந்துகொண்டார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், சேர்ந்தால் என்ன பொருள் தரும் என்று தொகுப்பதே வேலை. 1933-இல் வெளியான சொற்சேர்க்கை அறிக்கையில் பெரும் உழைப்பு ஹார்ன்பியுடையது. 1936-இல் பாமர் தாயகம் திரும்பியதும் பொறுப்பு இவர் தோளில் இறங்கியது.

அதுவரை பெரும்பாலான ஆங்கில அகராதிகள் ஆங்கிலேயருக்காகவே எழுதப்பட்டவை. அவர்களுக்கு அருஞ்சொல்தான் தெரியாது. 'டேக்', 'கெட்', 'புட்' எல்லாம் தாய்ப்பாலோடு வந்தவை. வெளியிலிருந்து கற்பவனுக்கோ நேர் எதிர். எளிய சொற்களில்தான் சிக்கலே! இதை உணர்ந்து, ஜப்பானில் பாடம் நடத்திய கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இரு ஆசிரியர்களோடு சேர்ந்து ஹார்ன்பி புதிய அகராதி தயாரித்தார். எளிய சொற்களுக்கும் மரபுத்தொடர்களுக்கும் தாராளமாக இடம், எளிய ஆங்கிலத்தில் பொருள், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியம். வினைச்சொற்கள் வரும் விதங்களை 25 வாக்கிய அமைப்புகளாகப் பிரித்தும் காட்டினார்.

1941 டிசம்பரில் போர் மூண்டது. ஹார்ன்பி ஜப்பானில் தடுத்து வைக்கப்பட்டு, 1942-இல் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அதே 1942-இல் டோக்கியோவின் கைட்டாகுஷா நிறுவனம் அந்த அகராதியை வெளியிட்டது. எதிரி நாட்டு மொழிக்கு எதிரி நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகம், அதுவும் போர் நடுவிலே! 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதையே மறுபடி வெளியிட்டது. நாமெல்லாம் அறிந்த 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' அதுதான். 2020-இல் பத்தாம் பதிப்பு வந்தது. அதன் சொற்பொருளைக் கைபேசியிலும் பார்க்கலாம்.

போர்க் காலத்தில் ஹார்ன்பி ஈரானில் பிரிட்டிஷ் கவுன்சிலுக்காகப் பணியாற்றினார். 1946-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, ஆசிரியராகவும் இருந்தார். புத்தகத்தால் வந்த பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளவில்லை. 1961-இல் அறக்கட்டளை அமைத்து, பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்களின் மேற்பயிற்சிக்கு வழி செய்தார். 1978-இல் காலமானார்.

தம்பி தங்கைகளே, இவர் வாழ்க்கையில் நமக்கு என்ன இருக்கு? சொல்கிறேன். மேலே 'வயிற்றில் புளியைக் கரைக்கிற' என்று எழுதினேனே, உங்களில் யாராவது புளியைத் தேடினீர்களா? இல்லை. முழுசாகப் பொருள் கொண்டீர்கள். 'கிக் த பக்கெட்' என்பதும் அப்படியே. அதில் உதையும் இல்லை, வாளியும் இல்லை. நாம் 'மண்டையைப் போட்டான்' என்று கொச்சையாகச் சொல்வதுதான். சிமென்ட், மணல், ஜல்லி கலந்து இறுகிய கான்கிரீட்டை மறுபடி பிரிக்க முடியுமா? மரபுத்தொடரும் இறுகிப்போனது. சொல் சொல்லாக உடைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே, ஒரு தொடரைப் பார்த்தால் அதன் வாக்கியத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சைட்டில் 'ரூல் ஆஃப் தம்ப்' என்றால் அனுபவத்தில் போடும் உத்தேசக் கணக்கு. நண்பர்களிடம் 'புல்லிங் மை லெக்' என்றால் 'காது குத்தாதே' என்பது. இன்டர்வியூவில் 'கிக் த பக்கெட்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்!

முக்கியமான ஒன்று. ஆங்கிலம் சரளமாக வராதது அறிவுக் குறைவே இல்லை. நமக்கு உதைக்கிற இந்தச் சின்னச் சொற்களை விளக்கவே மூன்று ஆங்கிலேய ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. யாரும் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். நாளைக்கு ஒரே ஒரு தொடர், அவ்வளவுதான். நான்கு ஆண்டு முடிந்து வெளியே போகும்போது ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.