கல்லை ஆராய்ந்த கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களின் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவில் எழுவது, நடராஜப் பெருமானின் தாண்டவத்துக்கு அவர் உலகறிய எழுதிய விளக்கமே. அதற்கு முன் அவர் நம் நாட்டு மலைகளில் கல் தேடி அலைந்த புவிச்சரிதவியலாளர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன். தாயார் ஆங்கில மாது. இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, 1900இல் இலண்டனில் பட்டம் பெற்றார். 1903இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் பணிப்பாளரானார்.

பதுளையிலிருந்து அப்புத்தளை, அல்துமுல்லை வழியாகக் கீழிறங்கிச் சென்றால் பலாங்கொடை. அங்கே மாணிக்கம் அகழ்வோர் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளையை அரிக்கும்போது, சிறு கரும் பளிங்குகள் சில கிடைத்தன. சதுரக் கட்டிபோன்ற வடிவம். தண்ணீரிலும் ஒன்பது மடங்கு பாரம். 1904இல் இவற்றை ஆராய்ந்த குமாரசுவாமி, யுரேனியக் கனிப்பொருளென்றே முதலில் கருதினார். இலண்டனில் டன்ஸ்டன் என்பார் பகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ முக்காற் பங்கு தோரியம் ஒட்சைட்டு எனத் தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத கனிப்பொருள்! தோரியனைற் என்று பெயராயிற்று.

ஆங்கிலம் பழக ஜெர்மனியிலிருந்து இலண்டன் வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞர், றாம்சேயின் ஆய்வுகூடத்திலே, இந்த இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த உப்பை ஆராய்ந்து, 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். அது தோரியத்தின் சமதானிகளுள் ஒன்றென்பது பின்னர் தெளிந்தது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1.9 ஆண்டு. நூறு பங்கு இருந்தால் அக்காலம் கழிய ஐம்பது. மேலும் அவ்வளவு கழிய இருபத்தைந்து. கதிர்வீச்சுக் குறைந்துவருவதை மாதக்கணக்கில் மின்காட்டியால் அளந்து இதனை அறியலாம். கல்லிலுள்ள சாதாரண தோரியத்துக்கோ அவ்வழி உதவாது. அதன் அரைவாழ்வு 1,400 கோடி ஆண்டு, காத்திருப்பவர் யார்? ஆதலின் நிறுத்தெடுத்த ஒரு கிராமில் செக்கனுக்கு எத்தனை அணு சிதைகின்றன என்று எண்ணிக் கணக்கிடுவர். ஏறத்தாழ 4,000. கேட்கப் பெரிதாயிருக்கும், கிராமிலுள்ள அணுக்களின் தொகைக்கு முன் அது ஒன்றுமேயில்லை.

குமாரசுவாமிக்கு 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அவ்வாண்டே பதவியை விட்டார். கல் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர், நலிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். மனம் அங்கே சென்றது. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. சிவ தாண்டவ நூல் 1918இல்.

விஞ்ஞானத்தைத் துறந்த பின்னரே ஞானம் வந்ததென்று சிலர் பேசுவர். நாம் அதனை ஏற்கவில்லை. கல்லைப் பொறுமையோடு பார்த்த கண்ணே பின்பு செப்புத் திருமேனியையும் பார்த்தது. தோட்டப் பாடசாலையிலிருந்து விஞ்ஞானம் படிக்கப் பட்டணம் வரும் பிள்ளை சமயத்தை விட்டுவிடுமோ என்று அஞ்சும் பெரியோர் நம் சங்கத்திலும் உளர். அவர்கட்காகவே இவ்வரலாற்றின் முற்பகுதியைச் சற்று விரித்தோம்.

1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றினார். ஓய்வின்பின் இந்தியா சென்று வாழ எண்ணியிருந்தவர், 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, பொஸ்டனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்ற ஊரிலே காலமானார். பாரதம் சுதந்திரம் பெற்று அப்போது ஒரு மாதங்கூட நிறையவில்லை.