பெருந்தலைவர் எம்.சி.ராஜா படித்த பட்டணம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இருந்தால்தான் சபைக்கு வரலாம் என்பது அதன் விதி. சேரி மக்களிடம் இரண்டும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, 1920-இல், அம்மக்களின் குரலாக ஒருவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அவருக்குக் கதவைத் திறந்தது கல்லூரிப் படிப்பு.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். அன்று பரங்கிமலையும் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். ஆனால் பிழைப்பு வேறு. ராஜாவின் தந்தை மாதச் சம்பளம் வாங்கியவர். நம் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளோ பண்ணையில் மாடு மேய்த்தார்கள். அந்த அவல நிலையைத்தான் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் விளைவே 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணை.

ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், வெஸ்லி கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் ராஜா படித்தார். இன்று தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி அப்போது துறைமுகத்துக்கு அருகே, ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஒரு பக்கம் கப்பல்கள். எதிரே உயர் நீதிமன்றம். சுற்றிலும் வணிக நிறுவனங்கள். தெருவில் 1895 முதல் மின்சார டிராம். சட்டமும் வணிகமும் ஆங்கிலத்தில் நடந்த அந்தப் பட்டணத்தில், அதே ஆங்கிலத்தை அவர் கற்றுக்கொண்டார்.

படித்து முடித்து ஆசிரியரானார். பாடநூல்கள் எழுதினார். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். சட்டமன்றத்தில், பறையர், பஞ்சமர் என்று அரசு ஏடுகளில் எழுதுவதை நிறுத்தி, ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1922-இல் அரசு அதை ஏற்றது. இன்று நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் உள்ள பெயருக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

நம் மக்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 1923-இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். 1927-இல் மத்திய சட்டசபைக்குச் சென்றார். 1932-இல் தனித்தொகுதிக் கேள்வியில் அம்பேத்கரோடு முரண்பட்டு, மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்தார். அது சரியா தவறா என்று நம்மிடையே இன்றும் வாதம் உண்டு. 1943-இல் காலமானார்.

ராஜா பட்டணத்தை ஒட்டிப் பிறந்தவர். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்தாலும், தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் வேண்டும். அது இல்லாமல் படிப்பை விட்டவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். சென்னை சைதாப்பேட்டையில் ஆதிதிராவிட மாணவர்கள் தங்கிப் படிக்கும் அரசுக் கல்லூரி விடுதிக்கு எம்.சி.ராஜாவின் பெயர் இருப்பது பொருத்தம்தான்.

பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: கல்லூரிக்கு மனுப் போடும்போதே ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் மனுப் போட்டுவிடுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.