எல்லாப்பிரகத சுப்பாராவ்

எல்லாப்பிரகத சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) சென்னையில் மருத்துவம் கற்று அமெரிக்காவில் ஆய்வு செய்த இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிரணுக்களின் ஆற்றல் ஊடகமான அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் (ஏ.டி.பி.) பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர். ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், வெண்குருதிப் புற்றுநோய்க்கான அமினாப்டெரின், மெத்தோடிரெக்சேட், முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தான ஆரியோமைசின் ஆகியவை இவர் தலைமையிலான ஆய்வுக்கூடத்தில் உருவாயின. உடன்பிறந்தோர் இருவரை நோய்க்குப் பறிகொடுத்த பின் மருந்துகளைத் தேடிச் சென்றவர் இவர். இவரது ஆய்வுக்கூடம் தந்த மருந்துகள் ஒவ்வொன்றும் எவருக்கு நன்மை, எவருக்குத் தீங்கு என்ற கேள்வியையும் கூடவே எழுப்பின. அவ்வகையில் இவரது வரலாறு மருந்துப் பாதுகாப்பின் வரலாறாகவும் அமைகிறது.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. எழுவர் கொண்ட பிள்ளைகளில் இவர் நான்காமவர். பதின்மூன்று வயதளவில் காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, வழியிலேயே பிடிபட்டுத் திரும்பினார் என்பர். படிப்பில் தொடக்கத்தில் சிறந்து விளங்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார்.

இக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு பூண விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் பயின்று தொண்டு செய்யலாம் என்று மடத்தினரே அறிவுறுத்த, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி என்பவரை மணந்தார். படிப்புச் செலவில் பெரும்பகுதியை மாமனார் ஏற்றுக்கொண்டார்.

இழப்பும் கல்வியும்

சுப்பாராவின் இளமைக் காலத்தில் அவருடைய உடன்பிறந்தோர் இருவர் குறுகிய இடைவெளியில் இறந்தனர். அவர்களைக் கொன்றது வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இந்நோயில் சிறுகுடலின் உட்சுவர் சிதைந்து, உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் கழிந்துவிடும். நோயாளி நாள்பட்ட வயிற்றுப்போக்காலும் இரத்தசோகையாலும் மெலிந்து மடிவார். அன்று இதற்குப் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை. கொடுக்கப்பட்டவையும் எதனால் வேலை செய்கின்றன, எதனால் செய்யவில்லை என்று மருத்துவர்களுக்கே தெரியாத நிலை. இவ்விழப்பே சுப்பாராவை நோயாளியைப் பார்க்கும் மருத்துவத்திலிருந்து மருந்தைத் தேடும் ஆராய்ச்சிக்குத் திருப்பியது.

மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அறுவைச் சட்டை அணிந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் சினத்துக்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளில் நன்றாகத் தேறியும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. தகுதியில் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே தரப்பட்டது. அரசு மருத்துவப் பணியில் இடம் கிடைக்காத நிலையில், சென்னையில் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். அங்கே ஆயுர்வேத மருந்துகளின்பால் ஈர்ப்புக் கொண்டு, அவற்றை நவீன ஆய்வு முறைகளுக்கு உட்படுத்த விரும்பினார். பழமையானது என்பதற்காக ஏற்பதும், பழமையானது என்பதற்காகத் தள்ளுவதும் அவருக்கு உடன்பாடாக இருக்கவில்லை.

ஹார்வர்டில்

ஓர் அமெரிக்க மருத்துவரின் அறிமுகம், காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் அளித்த உதவி, மாமனாரின் பொருளுதவி ஆகியவற்றால் சுப்பாராவ் 1922 அக்டோபர் 26 அன்று பாஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவி இந்தியாவில் தங்கினார். பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. தந்தை அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. பின்னர் மனைவியும் அமெரிக்கா செல்லவில்லை, கணவரும் ஊர் திரும்பவில்லை.

ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயம் பெறும் காலத்தில், பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலக் கலன்களைக் கழுவுவதும் அதில் அடங்கும். சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து உடல் திரவங்களில் பாஸ்பரசை அளக்கும் நிறமானி முறையை உருவாக்கி 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை எனப்படும் இது, அறிவியல் இதழ்களில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாகும். இம்முறையைக் கொண்டே 1927இல் தசைகளில் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் இவர்கள் கண்டனர். ஏ.டி.பி.யை ஜெர்மனியின் கார்ல் லோமானும் அதே ஆண்டில் தனியாகக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இருப்பினும் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பற்றிய கட்டுரைகள் ஃபிஸ்கேயின் தடையால் வெளிவராமல் போயின என்றும், அவற்றை மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அவருடன் பணியாற்றிப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் தெரிவித்துள்ளார்.

லெடர்லியும் ஃபோலிக் அமிலமும்

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அதன் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். அவர் வந்த காலம் கவனிக்கத்தக்கது. 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பானில் கலந்து விற்றதால் குழந்தைகள் பலர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மருந்து விற்பனைக்கு முன் நச்சுத்தன்மைக்காகச் சோதிக்கப்படவே இல்லை. அன்றைய சட்டம் அதைக் கோரவும் இல்லை. 1938இல் இயற்றப்பட்ட சட்டமே, புதிய மருந்தை விற்குமுன் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என விதித்தது. இந்தியாவில் சோப்ரா குழுவின் (1930–31) பரிந்துரைகளைத் தொடர்ந்து 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. அதே நச்சுக் கரைப்பான் 1972இல் சென்னையிலும் குழந்தைகளின் உயிரைப் பறித்தது என்பதை இங்கு நினைவு கூரலாம்.

ஸ்ப்ரூ நோயின் இரத்தசோகைக்குக் காரணமான சத்தைத் தேடுவதில் சுப்பாராவ் ஹார்வர்டிலிருந்தே ஈடுபட்டிருந்தார். இத்தேடலுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1920களின் இறுதியில் பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ், கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டிருந்தார். லெடர்லி குழுவினர் அச்சத்தைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்து, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்து அறிவித்தனர். டாம் ஸ்பைஸ் முதலிய மருத்துவர்கள் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது விரைவில் குணம் தெரிந்தது. சுப்பாராவின் உடன்பிறந்தோருக்குக் கிடைக்காமல் போனது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து மருந்துப் புட்டியில் வந்து சேர்ந்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பெர்னீசியஸ் இரத்தசோகை எனப்படும் வேறொரு நோய்க்கும் ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டது. இரத்தம் தேறியது. ஆயினும் சில மாதங்களில் பலருக்குக் கைகால் மரத்துப்போதலும் தள்ளாட்டமும் தோன்றின. சிலருக்கு முன்பிருந்த நரம்புக் கோளாறு மோசமடைந்தது. அந்நோயின் உண்மையான காரணம் 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12இன் குறைபாடாகும். ஃபோலிக் அமிலம் இரத்தத்தை மட்டும் சரிசெய்து, நரம்பில் நடக்கும் அழிவை மறைத்துவிட்டது. பி12 குறைபாடு இல்லை என்று உறுதி செய்யாமல் நாள்பட்ட இரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுக்கக் கூடாது என்ற விதி இந்நோயாளிகளின் துன்பத்திலிருந்து பிறந்ததாகும்.

வெண்குருதிப் புற்றுநோய் மருந்து

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியலாளர் சிட்னி ஃபார்பர், சுப்பாராவ் அனுப்பிய ஃபோலிக் அமிலச் சேர்மங்களைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில எலிச் சோதனைகள் அவை பயன்தரும் என்று காட்டியிருந்தன. கடும் வெண்குருதிப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளில் நேர்மாறாக நடந்ததாக ஃபார்பர் கண்டார். எலும்பு மச்சையில் புற்றணுக்கள் மேலும் பெருகின. அதாவது சத்து என்று கொடுத்தது நோய்க்குத் தீனியாயிற்று.

இத்தகைய முடிவை மறைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது எளிது. ஃபார்பரும் சுப்பாராவும் அதையே தடயமாகக் கொண்டனர். ஃபோலிக் அமிலம் நோயை வளர்த்தால், அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்க வேண்டும். ஃபோலிக் அமிலத் தயாரிப்பில் கைதேர்ந்திருந்த லெடர்லி வேதியியலாளர்கள், அதன் மூலக்கூற்றில் சிறு மாற்றங்கள் செய்து எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். அவற்றுள் அமினாப்டெரின் 1947இன் இறுதியில் ஃபார்பரிடம் வந்தது. 1948 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்ததாகக் கூறப்பட்டது. அதற்கு முன் இந்நோயில் இவ்வாறான தணிவு எந்த மருந்தாலும் கிட்டியதில்லை. வாய்ப்புண், குருதிக்கசிவு முதலிய நச்சு விளைவுகளையும், தணிவு நிலைக்கவில்லை என்பதையும் ஃபார்பர் அதே கட்டுரையில் பதிவு செய்தார். பிள்ளையை இழக்கவிருந்த பெற்றோர் சில மாதங்களைப் பெற்றனர். அதற்கான விலையும் குழந்தையின் உடலிலேயே கொடுக்கப்பட்டது.

அமினாப்டெரின் நிலைக்கவில்லை. கருவுற்ற பெண்கள் உட்கொண்டால் கருவைச் சிதைக்கும், பிழைத்த குழந்தைக்கு உறுப்புக் குறைபாடுகளை உண்டாக்கும் என்பது 1952இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, கையாள எளிதான மெத்தோடிரெக்சேட் அதன் இடத்தைப் பிடித்தது. இது இன்று புற்றுநோய்க்கு மட்டுமின்றி முடக்குவாதம், சோரியாசிஸ் ஆகியவற்றுக்கும் எழுதித் தரப்படுகிறது. இவ்விரு நோய்களுக்கும் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே இதை உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு. கருவுற்றோர் இதைத் தவிர்க்க வேண்டும்.

யானைக்கால் நோயும் ஆரியோமைசினும்

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்களிடம் யானைக்கால் நோய்ப்புழுத் தொற்று காணப்பட்டது. அதற்கு அன்று இருந்தவை ஆர்செனிக், ஆன்டிமனி ஆகிய நச்சு உலோகச் சேர்மங்களே. சுப்பாராவின் குழு நூற்றுக்கணக்கான பொருள்களை விலங்குகளில் சோதித்து டைஎத்தில்கார்பமசினைக் கண்டது. இது ஹெட்ராசான் என்னும் பெயரில் 1947இல் வெளிவந்தது. வாய்வழி உட்கொள்ளத்தக்கது, மலிவானது, முந்தையவற்றைவிட மிகவும் பாதுகாப்பானது. ஆயினும் மறு ஆண்டே மெக்சிகோவில் மசோட்டி என்பவர், ஆற்றுக்குருடு எனப்படும் வேறு புழுநோய் உள்ளவர்களுக்கு இது கடுமையான எதிர்விளைவை உண்டாக்குவதைக் கண்டார். கண் பார்வைக்கும் ஊறு நேரலாம். எனவே அந்நோய் பரவியுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இது பொதுமக்களுக்கு வழங்கப்படுவதில்லை. அந்நோய் இல்லாத இந்தியாவில் இம்மருந்தே யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தின் அடிப்படையாயிற்று. 1980களில் காரைக்காலில் உப்பில் கலந்தும் வழங்கப்பட்டது. கருவுற்றோருக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தருவதில்லை.

மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிலிருந்து மருந்து தேடும் பணிக்காகத் தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் லெடர்லியில் அமர்த்தப்பட்டார். அவர் கண்ட ஆரியோமைசின் 1948இல் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின்கள் வளரும் பற்களில் நிலையான கறையை உண்டாக்குகின்றன என்பது 1950களின் பிற்பகுதியில் தெரியவந்தது. அதனால் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அவை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1960களில் தென்னிந்தியச் சிற்றூர்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவுவதை ஆராய்ந்தனர். வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு இன்று வழக்கமாகத் தரப்படுபவை ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் ஆகும். இரண்டின் மூலமும் சுப்பாராவின் ஆய்வுக்கூடமே.

மறைவும் நினைவும்

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், தமது 53ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆய்வுக் கட்டுரைகளில் தம் பெயரை முன்னிறுத்தாமல் குழுவினருக்கே விட்டுக்கொடுத்ததால், மருந்துகள் அறியப்பட்ட அளவுக்கு அவர் அறியப்படவில்லை. இறுதிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. 1953இல் புதிதாக வகைப்படுத்தப்பட்ட ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டது. நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.